பூட்டானுக்கு எந்த மாதம் போகலாம்? தில்லியிலிருந்து கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்திலிருந்து மட்டும் ஏழு குடும்பங்கள் பூட்டான் போய்வந்துவிட்டன. கிளம்பும் முன் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்த மாசம் நல்லா இருக்கும்?" அக்டோபர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், ஊரே அதைத்தான் சொல்கிறது. நானும் ஒரு குடும்பத்திடம் அப்படிச் சொன்னேன். அவர்கள் அக்டோபர் முதல் வாரத்தில் போய், நான்கு நாளும் குடையும் கையுமாகத் திரிந்துவிட்டு வந்தார்கள். அடுத்த ஜனவரியில், சீசன் முடிந்துவிட்டதே என்று தயங்கித் தயங்கிப் போன எதிர் வீட்டுக்காரர்கள் பனிமலை வரிசையை முழுசாகப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

மாதத்தை முதலில் முடிவு செய்ததுதான் தப்பு. எதற்குப் போகிறோம், எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை நாள், மழை எங்கே எப்படிப் பெய்கிறது, நம் லீவு எப்போது என்ற வரிசையில் யோசித்தால் மாதம் தானாக வந்து நிற்கும். அந்த வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு தாளில் யார் யார் வருகிறார்கள், அவர்கள் வயது என்ன, யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு மூச்சு வாங்கும் என்று எழுதுங்கள். பள்ளிக்கூட விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையோ வோட்டர் ஐடியையோ கண்ணால் பார்த்துவிடுங்கள். 'எங்கேயோ பீரோவில் இருக்கும்' என்பது கணக்கில் வராது. பூட்டானுக்குள் நுழைய ஆதார் அட்டை செல்லாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எத்தனை இரவு என்பதும் இப்போதே தெரிய வேண்டும். இந்தியர்களுக்கு எஸ்.டி.எஃப். என்கிற நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பாதி. ஆறு வயதுக்குள் இருந்தால் கிடையாது. கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண், நான்கு வயதுப் பையன் ஐந்து இரவு தங்கினால் 15,000 ரூபாய். சீசன் இல்லாத மாதத்தில் போனால் ஹோட்டல் வாடகை இறங்கும். ஆனால் இந்தக் கட்டணம் மழைக்காலத்திலும் இதேதான். ஆகவே 'ஆஃப் சீசனில் பாதிச் செலவு' என்ற கணக்கை நம்பி மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

இரண்டே ஆசைகள் எழுதுங்கள், அதிலும் எது முதல், எது இரண்டாவது என்று குறித்துவிடுங்கள். எல்லாமே வேண்டும் என்பவர்களுக்கு எந்த மாதமும் சரிப்படாது. பூட்டானில் நல்ல விஷயங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

பூவும் பனிமலையும் நல்ல உதாரணம். ரோடோடெண்ட்ரான் மரங்கள் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தள்ளுவது மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். ஆனால் ஏப்ரலில் சமவெளிப் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து வானம் மங்கிக் கிடக்கும். திம்புவுக்கும் புனாகாவுக்கும் நடுவிலுள்ள டோச்சுலா கணவாயில் நின்றால் பக்கத்து மலை தெரியும். வடக்கே 7,570 மீட்டர் உயரத்தில் இருக்கும் கங்கர் புயன்சும் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். உலகத்தில் இதுவரை யாரும் ஏறாத சிகரங்களில் மிக உயரமானது அதுதான். அதைப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரையிலான காலைப் பொழுதுகள் வேண்டும். அப்போது பூ இருக்காது.

கருங்கழுத்துக் கொக்குகளைப் பார்க்க ஆசை என்றால் தேர்வே கிடையாது. அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் திபெத்திலிருந்து போப்ஜிகா பள்ளத்தாக்குக்கு வந்து இறங்குகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் திரும்பிவிடுகின்றன. மே மாதத்தில் போப்ஜிகா போய்க் 'கொக்கு எங்கே' என்று கேட்பது, மே மாதத்தில் வேடந்தாங்கல் போய்ப் பறவை தேடுகிற மாதிரிதான். பாரோவுக்கு மேலே பாறையில் தொங்குகிற டாக்ட்சாங் மடத்துக்கு ஏற வேண்டும் என்பது மட்டும்தான் ஆசையா? அப்படியானால் கொட்டும் மழைக்காலம் தவிர எந்த மாதமும் ஓடும்.

2. உயரத்தைப் பாருங்கள், அப்புறம் மாதத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். 'பூட்டானில் டிசம்பரில் குளிர் எப்படி' என்று கேட்பது, 'தமிழ்நாட்டில் டிசம்பரில் குளிர் எப்படி' என்று கேட்பதைப் போல. ஊட்டியா, ராமநாதபுரமா?

எல்லையில் உள்ள பூன்ட்ஷோலிங் சுமார் 300 மீட்டர் உயரம். புனாகா 1,200. பாரோவும் திம்புவும் 2,200-லிருந்து 2,300-க்குள். பும்தாங் 2,600. போப்ஜிகா 3,000-ஐ ஒட்டி. டோச்சுலா 3,100. பாரோவுக்கும் ஹா பள்ளத்தாக்குக்கும் நடுவிலுள்ள செலேலா 3,800-க்கும் மேல்.

ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற ஏறச் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில், புனாகாவில் மதியம் 17 டிகிரி இருக்கும் ஒரு டிசம்பர் நாளில் டோச்சுலாவில் 5 டிகிரி இருக்கும். இரண்டுக்கும் இடையே கார்ப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள். மேலே நடுங்கிக்கொண்டு சோர்த்தன் என்கிற 108 புத்த ஸ்தூபிகளைச் சுற்றிவிட்டு, கீழே இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள்.

பூட்டான்காரர்களே இந்தக் கணக்கில்தான் வாழ்கிறார்கள். நாட்டின் தலைமை மடாதிபதியான ஜே கென்போ தன் துறவிகளோடு கோடையில் திம்புவிலும் குளிர்காலத்தில் புனாகாவிலும் இருப்பது இன்றும் தொடரும் வழக்கம். நீங்களும் அதையே செய்யலாம். குளிர்காலத்தில் போனால் புனாகாவில் ஓர் இரவைக் கூட்டி, போப்ஜிகாவில் ஒன்றைக் குறையுங்கள். மே கடைசியில் போனால் நேர்மாறு. அப்போது புனாகாவில் மதியம் வியர்த்துக் கொட்டும். அதற்காகவா தில்லியிலிருந்து இவ்வளவு தூரம் போனோம்?

ஆக இந்தப் படியில் செய்ய வேண்டியது: போக நினைக்கும் ஊர்களை உயர வரிசையில் எழுதி, எங்கே இரவு தங்குகிறோம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். கடந்துபோகும் கணவாயில் குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். தூங்கும் ஊரில் தாங்க முடியாமல் போனால்தான் அடுத்த நாள் யாராவது காய்ச்சலில் படுப்பார்கள்.

3. மழையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். இதை எல்லாரும் சொல்வார்கள். எங்கே எவ்வளவு என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

வங்கக்கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது தெற்கு எல்லை மலைகளில். பூன்ட்ஷோலிங் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, உள்ளே திம்புவுக்கும் பாரோவுக்கும் போய்ச் சேரும்போது மேகத்தில் மிச்சம்தான் இருக்கும். வால்பாறையில் விடாமல் ஊற்றும்போது கோயம்புத்தூரில் தூறலோடு நிற்குமே, அந்தக் கதைதான். அதனால் ஜூலையில் பாரோவில் நாள் முழுக்க மழை என்று அர்த்தம் இல்லை. பல நாள் சாயந்திரமோ ராத்திரியோ பெய்துவிட்டுக் காலையில் வெளுத்திருக்கும்.

பிரச்சினை மழையைவிடச் சாலையில்தான். பூன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு போகும் மலைப்பாதை அந்தக் கொட்டும் மழைப் பகுதிக்குள்ளேதான் போகிறது. மண் சரிந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், சில சமயம் நாள் முழுக்க. மத்திய பூட்டானுக்கு, அதாவது பும்தாங் பக்கம் போகும் சாலையிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே மழைக்காலத்தில் போயே தீர வேண்டும் என்றால் விமானத்தில் பாரோ இறங்கி, பாரோ, திம்பு, புனாகாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் முதல் பயணமே ஜூன் கடைசி வாரம்தான். யாரும் எனக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. டோச்சுலாவில் மேகம் கார்க் கண்ணாடியை ஒட்டி நின்றது. சோர்த்தன்களே பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. தேநீர்க் கடைக்குள் புகாரி என்கிற விறகு அடுப்புப் பக்கத்தில் ஈரச் சாக்ஸைக் காயவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு சிகரம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பாரோவில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வயலில் நிறுத்திய தண்ணீரில் ஜோங் என்கிற கோட்டை மடத்தின் வெள்ளைச் சுவர் தலைகீழாகத் தெரிந்தது. தஞ்சாவூர்க்காரியான என் மாமியார் வரப்பில் இறங்கி, முடிச்சை அவிழ்த்து நாற்றைப் பார்த்து, "நம்மூர் மாதிரியேதான் பிடிக்கறாங்க" என்றார். அந்தப் பயணத்தில் அவருக்குப் பிடித்தது அதுதான்.

மழைக்காலத்துக்கென்றே சிலதும் இருக்கின்றன. தேசிய மலரான நீலப் பாப்பி மே கடைசி முதல் ஜூலை வரை செலேலா போன்ற உயரங்களில் பூக்கும். ஆகஸ்டில் மட்சுடாகே காளான் கிடைக்கும். உரா, கெனேகா கிராமங்களில் அதற்கென்று விழாவே நடக்கிறது. கூட்டம் இல்லாத மடங்களும் பச்சை வயல்களும் போதும் என்பவர்களுக்கு ஆகஸ்ட் மோசம் இல்லை. காட்டுப் பாதையில் நடந்தால் அட்டை ஏறும். உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த அக்டோபர் முதல் வாரம். பருவமழை விடைபெறும் நேரம் அது. காலண்டரில் போட்ட தேதிக்கு அது கட்டுப்படாது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் நமக்குச் சென்னை ஞாபகம்தான் வரும். ஆனால் அது வடக்கே திரும்பினால் போய் முட்டுவது கிழக்கு இமயமலையில். 2025 அக்டோபர் முதல் வாரத்தில் டார்ஜிலிங், மிரிக் பகுதிகளில் நிலச்சரிவு உயிர்களைப் பறித்தது. பூட்டானிலும் ஆறுகள் பெருகின. வசந்தகாலக் கடைசியிலும் இப்படி நடக்கலாம். 2009 மே மாதம் ஐலா புயல் வந்தபோது பூட்டானிலேயே வெள்ளம் வந்தது. ஆகவே அக்டோபர் என்றால் பத்தாம் தேதிக்குப் பிறகு, முடிந்தால் பதினைந்துக்குப் பிறகு என்று படியுங்கள்.

4. மீதிப் பருவங்களை வேகமாகப் பார்த்துவிடலாம்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை: வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நெல் அறுவடை நேரம் என்பதால் பாரோ, புனாகா வயல்கள் மஞ்சளாக இருக்கும். ஹோட்டல் விலையும் கூட்டமும் உச்சத்தில். ஜோமோல்ஹாரி போன்ற நீண்ட மலையேற்றங்களுக்கு இதுவும் ஏப்ரல், மே மாதங்களும்தான் நேரம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: எனக்குப் பிடித்த பருவம் இது. பகலில் வெயில், காய்ந்த காற்று, தெளிந்த மலை. திம்புவில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். செலேலாவிலும் டோச்சுலாவிலும் பனி பெய்யலாம். பெய்தால் சாலையை மூடிவிட்டுச் சில மணி நேரத்தில் திறப்பார்கள். தில்லிக் குளிர் பழகிவிட்டதே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். தில்லியில் கதவைச் சாத்தினால் குளிர் வெளியே நின்றுவிடும்; அங்கே மரவீட்டில் உங்களோடு உள்ளே வந்து படுக்கும். அறை பதிவு செய்யும்போது ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் காசா என்று கேட்டே ஆக வேண்டும்.

குளிர்காலத்தில் டாக்ட்சாங் ஏறுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. மடத்துக்குக் கொஞ்சம் முன்னால் படிகள் கீழே இறங்கி, ஓர் அருவியை ஒட்டிய பாலத்தைத் தாண்டி மறுபடி ஏறும். வெயில் படாத இடம். அங்கே படிகளில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் கூட வந்த ஒருவர் ஸ்போர்ட்ஸ் ஷூவோடு வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். அடியில் நல்ல பிடிமானமுள்ள ஷூ, ஒரு கைத்தடி. இரண்டும் இல்லாமல் ஜனவரியில் ஏற வேண்டாம்.

மார்ச் முதல் மே வரை: பூக்களின் காலம். மார்ச்சில் பாரோவில் பீச் மரங்கள் பூக்கும்; இதே பருவத்தில் புனாகா ஜோங்கின் முன்னால் ஜகரண்டா ஊதாவாகச் சொரியும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்குகளில் காற்று பலமாக வீசும் என்பதால் நடக்கும் வேலைகளைக் காலையில் முடித்துவிடுங்கள். மே கடைசியில் மழைக்கான மேகம் கூடத் தொடங்கிவிடும்.

5. தில்லி லீவை இதன் மேல் வைத்துப் பாருங்கள்

தில்லிப் பள்ளிகளுக்குப் பெரிய லீவு மே நடுவிலிருந்து ஜூன் முடிய. பூட்டான் கணக்கில் அதன் முதல் பத்து நாள் சுமார், மீதியெல்லாம் மழை. 'இங்கே 45 டிகிரி, அங்கே குளுகுளு' என்று ஜூனில் ஓடுபவர்கள்தான் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோடை லீவில்தான் போக முடியும் என்றால் லீவு விட்ட மறுநாளே கிளம்புங்கள்.

தசரா லீவு நல்ல வாய்ப்பு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒரே தேதியில் வராது. 2025-ல் விஜயதசமி அக்டோபர் 2; மழை இன்னும் விடைபெறாத நேரம். 2026-ல் அக்டோபர் 20; அருமையான நேரம். ஆக, நவராத்திரிக் கொலு சீக்கிரம் வரும் வருஷத்தில் பூட்டானைத் தள்ளிப்போடுங்கள், தாமதமாக வரும் வருஷத்தில் கிளம்புங்கள். ஒரு சிக்கல், அதே வாரம் துர்கா பூஜை லீவு. கொல்கத்தாவே கிளம்பி அந்தப் பக்கம் வந்திருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் வங்காளத்தில் இருக்கும் பாக்டோக்ரா விமான நிலையத்துக்கான கட்டணத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜனவரி முதல் பாதியில் குளிர்கால லீவு. பூட்டானில் வானம் தெளிவு, கூட்டம் குறைவு, பொங்கலுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் இந்த முறை மூடுபனி தில்லியில் இருக்கும். அதை 7-ஆம் படியில் பார்ப்போம்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்குத் தீபாவளி முடிந்த மறுவாரம். தில்லிக் காற்று மூச்சை அடைக்கும் அந்த நாட்களில் கிளம்பிவிடுவது நுரையீரலுக்கும் நல்லது.

6. திருவிழா வேண்டுமா என்று இப்போது முடிவு செய்யுங்கள்

செச்சு என்கிற முகமூடி நடன விழாக்கள் பூட்டானின் சந்திர நாட்காட்டிப்படி நடக்கின்றன. திம்பு செச்சு செப்டம்பர், அக்டோபர் வாக்கில்; பாரோ செச்சு மார்ச், ஏப்ரலில்; புனாகாவில் பிப்ரவரி, மார்ச்சில். நம் பங்குனி உத்திரம் மாதிரி தேதி வருஷா வருஷம் நகரும். போன வருஷத் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டு, விழா முடிந்து பந்தல் பிரிக்கும்போது போய் நின்றவர்கள் உண்டு. அந்த வருஷத்துக்கு அறிவித்த தேதியை உறுதி செய்துகொண்டுதான் அடுத்த படி.

கொக்குத் திருவிழா மட்டும் விதிவிலக்கு. ஆண்டுதோறும் நவம்பர் 11, போப்ஜிகாவில் உள்ள கங்டே மடத்து முற்றத்தில். தேதி நகராது.

பாரோ செச்சுவின் கடைசி நாள் விடியும் முன்னால் தொங்டிரெல் என்கிற பிரம்மாண்டத் துணி ஓவியத்தை விரித்து, வெயில் ஏறும் முன் சுருட்டிவிடுவார்கள். அதைப் பார்க்க விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டும். பிள்ளைகளோடு முடியுமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். திருவிழா வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்; பாதி விலையில் கிடைக்கிற அறைகூட அப்போது கிடைக்காது. பிப்ரவரி, மார்ச்சில் வரும் லோசார் புத்தாண்டின்போது கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. பருவத்துக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வழிகள். தில்லியிலிருந்து நேராகப் பாரோவுக்கு விமானம். அல்லது பாக்டோக்ரா வரை விமானத்திலோ ஹாசிமாரா வரை ரயிலிலோ போய், இந்திய எல்லை ஊரான ஜெய்கான் வழியாக எல்லையைக் கடந்து, பூன்ட்ஷோலிங்கிலிருந்து மலைச்சாலை. பாக்டோக்ராவிலிருந்து எல்லைக்கே நான்கைந்து மணி நேரம் ஆகும்; அதற்கு மேல் திம்புவுக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம். ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பூன்ட்ஷோலிங்கில் ஓர் இரவு தங்கிக் காலையில் ஏறுங்கள்.

நவம்பரிலும் மார்ச்சிலும் சாலை வழி சந்தோஷமான வழி. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, வெப்பக் காடு ஊசியிலைக் காடாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். உடம்புக்கும் உயரம் மெல்லப் பழகும். ஜூலையில் அதே சாலை தலைவலி.

விமானத்துக்கும் பருவம் உண்டு. பாரோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவில் குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. விமானிகள் கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார்கள், அதுவும் பகல் வெளிச்சத்தில். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் மட்டுமே ஓட்டலாம். மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்தால் தாமதம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் பாரோ பளிச்சென்று இருக்கும், தில்லியில் ஓடுபாதையே தெரியாது. தாமதமான வேறு விமானம் ராத்திரி பத்து மணிக்காவது போய் இறங்கிவிடும். பாரோ விமானம் பொழுது சாய்ந்தால் இறங்க முடியாது. அன்றைய பயணம் மறுநாளைக்குப் போய்விடும்.

8. ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மருந்து ஒரு உதிரி நாள். அதை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். மழைக்காலத்திலும் சாலை வழியிலும் கடைசியில் வையுங்கள், திரும்பும்போது மாட்டிக்கொண்டாலும் வேலைக்குப் போய்ச் சேரலாம். ஜனவரியில் முதலில் வையுங்கள். சிக்கல் தில்லியில்தான் என்பதால் முதல் நாள் போனால் போகட்டும். மலைக்காட்சிக்காகவே போகிறவர்கள் நடுவில், புனாகாவில் வையுங்கள். டோச்சுலாவைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று இரண்டு காலைகள் கிடைக்கும்.

ஏஜென்ட் கொடுக்கும் 'ஐந்து நாளில் ஆறு ஊர்' திட்டத்தில் உதிரி நாள் இருக்காது. கேட்டு வாங்குங்கள். செலேலாவை முதல் நாளே போட்டிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். தில்லியிலிருந்து வந்து இறங்கிய உடம்பை அன்றே 3,800 மீட்டருக்கு ஏற்றினால் தலைவலியும் வாந்தியும்தான் மிஞ்சும். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏறுங்கள்.

9. இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள்

மாதமும் வழியும் முடிவான பிறகு பாரோ விமான டிக்கெட் முதலில். இருக்கைகள் குறைவு, கட்டணமும் ஏறும். திருவிழா வாரம் என்றால் ஹோட்டல் அதற்கும் முன்னால். அடுத்தது பெர்மிட்டும் எஸ்.டி.எஃப். கட்டணமும், கடைசியில் கார், கைடு.

நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் பெர்மிட்தான். காரணம் இனிஷியல். வோட்டர் ஐடியில் 'ரமேஷ், த/பெ சுப்பிரமணியன்'. பாஸ்போர்ட்டில் 'ரமேஷ் சுப்பிரமணியன்'. விமான டிக்கெட்டில் ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு 'எஸ் ரமேஷ்'. எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. ஏஜென்ட் போட்ட பெயருக்கும் அடையாள அட்டைக்கும் பொருந்தவில்லை என்று திருத்தம் செய்ய ஒரு வாரம் அலைந்தோம். அதற்குள் நாங்கள் குறித்து வைத்திருந்த நவம்பர் அறை கைவிட்டுப் போய்விட்டது. பெர்மிட்டுக்கு எந்த அட்டையைக் கொடுக்கிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் என்றால் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொடுங்கள், இல்லாவிட்டால் அசல் பிறப்புச் சான்றிதழ்.

10. துணிமணி

ஒரு கனத்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். 2-ஆம் படியில் பார்த்தோமே, ஒரே நாளில் பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்கும். உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் ஜாக்கெட். ஜோங்குகளுக்குள் கை, கால் மூடிய உடை வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். கோடையிலும் அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள். குளிர்காலத்தில் மடங்களுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத் தரையில் நடக்கும்போது கால் மரத்துப் போகும். தடித்த கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். புடவை கட்டும் அம்மாக்களுக்கு உள்ளே கம்பளி லெக்கிங்ஸ்.

11. கிளம்பும் வாரம்

பூட்டானின் தேசிய நீரியல், வானிலை மையம் வெளியிடும் முன்னறிவிப்பைப் பாருங்கள். போன் ஆப்பில் ஐந்து நாளும் மழைப்படம் போட்டிருந்தால் பயப்படாமல் மணிவாரியாகத் திறந்து பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்குத் தூறினாலும் அது மழைப்படம்தான் போடும். வங்கக்கடலில் ஏதாவது உருவாகிறதா என்று இந்திய வானிலைத் துறையின் அறிவிப்பையும் ஒரு கண் பாருங்கள்.

மழை வரும் என்று தெரிந்தால் ஊர்களை மாற்ற வேண்டாம், நாட்களை மாற்றுங்கள். தெளிவான காலை எதுவோ அதை டோச்சுலாவுக்கோ டாக்ட்சாங்குக்கோ கொடுத்துவிட்டு, மோடம் போட்ட நாளில் அருங்காட்சியகம், ஜோங், கைவினைக் கடைகள். கைடிடம் முதல் நாளே இப்படிச் சொல்லிவிட்டால் அவரே வானத்தைப் பார்த்து அடுக்கிக் கொடுப்பார். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள். டோச்சுலாவுக்கு அவர்கள் நேரப்படி எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் மேகம் கிளம்பும் முன் சிகரங்கள் தெரியும்.

விமானத்தில் சீட் கேட்கும்போது போகும்போது இடது ஜன்னல், திரும்பும்போது வலது ஜன்னல். இமயமலை வடக்குப் பக்கம்தானே. நவம்பரில் போகிறீர்கள் என்றால் எவரெஸ்ட் அந்த ஜன்னலில்தான் வரும், தூங்கிவிடாதீர்கள்.